விரலில் ஊசி குத்திவிட்டது, டாக்டர்!

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா, நான் பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் ஆண்கள் மருத்துவ வார்டில் போஸ்டிங். வயதான ஒருவருக்கு இன்சுலின் போட்டுவிட்டு ஊசிக்கு மூடி போடும்போது இடது கை ஆட்காட்டி விரலில் குத்திக்கொண்டேன். ஒரு சொட்டு இரத்தம் வந்தது. குழாயடியில் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன். மாலையில் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. முதலாம் ஆண்டில் கல்லூரியில் ஹெபடைடிஸ் பி-க்கு இரண்டு தடுப்பூசி போட்டார்கள். மூன்றாவது ஊசி நேரத்தில் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டேன். திட்டுவார்கள் என்ற பயத்தில் வார்டு சிஸ்டரிடமும் சொல்லவில்லை, டியூட்டரிடமும் சொல்லவில்லை. அறைத்தோழி ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என் தண்ணீர் பாட்டிலைத் தொடுவதில்லை. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். சோர்வாக இருக்கிறது என்று சொன்னதற்கு அம்மா கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொல்கிறார். எனக்கு ஹெபடைடிஸ் பி வந்துவிட்டதா? படிப்பைத் தொடர முடியுமா? இதே பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவள் நான். வெட்கமாகவும் இருக்கிறது.
– ஆர்.எஸ்., திண்டுக்கல்

பதில்: அன்புள்ள ஆர்.எஸ்.,

பயப்படாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், நோய் தொற்றியிருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு தவணை தடுப்பூசி உங்கள் உடம்பில் இருக்கிறது. குத்தியது மெல்லிய இன்சுலின் ஊசி; தோலுக்கு அடியில் போடுவது. இரத்தக் குழாயில் ஏற்றி எடுத்த தடித்த ஊசியைவிட அதில் ஒட்டியிருக்கும் இரத்தம் சொற்பம். அப்படியே தொற்றியிருந்தாலும், உங்கள் வயதில் ஆரோக்கியமாக இருப்பவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு உடம்பே சில மாதங்களில் அந்த வைரஸை விரட்டிவிடும். படிப்பைத் தாராளமாகத் தொடரலாம்.

ஆனால் குறைவு என்பதை இல்லவே இல்லை என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது. மூன்று வாரம் வாய் திறக்காமல் இருந்ததில் ஒரு நல்ல வாய்ப்பு கைவிட்டுப் போயிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் பயம் வீண் பயமல்ல

நோயாளிக்குக் குத்திய ஊசி நமக்கும் குத்தினால் முக்கியமாக மூன்று வைரஸ்களை நினைத்துக் கவலைப்படுகிறோம். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. உள்ள இரத்தம் பட்ட ஊசி 1,000 பேருக்குக் குத்தினால் ஏறக்குறைய 3 பேருக்குத் தொற்றும். ஹெபடைடிஸ் சி என்றால் 100-க்கு 2 பேருக்கும் குறைவு. ஹெபடைடிஸ் பி-யோ, தடுப்பூசி போடாத 100 பேரில் 6 முதல் 30 பேருக்குத் தொற்றிவிடும். நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த எண்ணிக்கை கூடும், குறையும். மாணவர்கள் எச்.ஐ.வி. என்ற பெயருக்கு நடுங்குகிறார்கள். அதைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும் ஹெபடைடிஸ் பி-யைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே, மேசையிலோ டிரேயிலோ காய்ந்துபோன இரத்தத்தில்கூடக் குறைந்தது ஏழு நாள் வீரியத்தோடு இருக்கும்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இந்த மூன்றில் தடுப்பூசி இருப்பது ஹெபடைடிஸ் பி ஒன்றுக்குத்தான். 0, 1, 6 என்ற மாதக் கணக்கில் மூன்று ஊசி. முதல் ஊசிக்குப் பிறகு நூற்றுக்கு 30 முதல் 55 பேருக்கும், இரண்டாவதற்குப் பிறகு சுமார் 75 பேருக்கும், மூன்றாவதற்குப் பிறகு 90-க்கும் மேற்பட்டவர்களுக்கும் போதிய எதிர்ப்பாற்றல் வந்துவிடுகிறது. அந்த 75 பேரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். ஆனால் பரிசோதித்துப் பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

கண்ணாடியில் தெரியாது

தினமும் கண்ணைப் பார்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இந்த நோயில் மஞ்சள் காமாலை வருவதாக இருந்தால், கிருமி புகுந்த நாளிலிருந்து சராசரியாக 90 நாள் ஆகும். மூன்றாவது வாரத்தில் கண்ணாடி எதையும் காட்டாது. தவிர, பெரியவர்களில் பாதிப் பேருக்காவது கண் மஞ்சளாவதே இல்லை. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. உங்கள் சோர்வுக்குத் தூக்கமின்மையும் இந்தக் கவலையுமே போதுமான காரணங்கள்.

கீழாநெல்லி பற்றி அம்மா சொன்னதில் தப்பில்லை. நம் வீடுகளில் காமாலை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது அதுதான். சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 1988-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாகி, ஹெபடைடிஸ் பி-க்கும் கீழாநெல்லி பலன் தரும் என்ற நம்பிக்கையைக் கிளப்பியது. இந்த வைரஸின் கண்டுபிடிப்புக்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். ஆனால் அதன்பின் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. தண்ணீர், உணவு வழியாக வரும் ‘ஏ’ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே குணமாகும். அந்தப் பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. அதை நம்பிப் பரிசோதனையையும் தடுப்பூசியையும் தள்ளிப்போடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இப்போது செய்ய வேண்டியவை

ஒன்று: நாளைக் காலையே உங்கள் டியூட்டரிடமோ மருத்துவமனையின் தொற்றுத் தடுப்பு சிஸ்டரிடமோ நடந்ததைச் சொல்லி, தேதியோடு எழுத்தில் பதிவு செய்யுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் திட்டு, ஆறு மாதத் தூக்கத்தைவிடப் பெரிதல்ல.

இரண்டு: இரத்தப் பரிசோதனை. எச்.பி.எஸ்.ஏ.ஜி. (வைரஸின் மேலுறைப் புரதம், இருந்தால் இப்போது தொற்று உள்ளது என்று பொருள்), ஆன்ட்டி-எச்.பி.சி. (எப்போதாவது தொற்று வந்திருந்தால் காட்டும் எதிர்ப்பொருள்) ஆகிய இரண்டையும் இப்போது ஒரு முறை, சம்பவம் நடந்து ஆறு மாதம் ஆனதும் ஒரு முறை பாருங்கள். இப்போதைய முடிவு, முன்பே எதுவும் இருந்ததா என்பதைச் சொல்லும். ஆறாம் மாத முடிவுதான் இந்த ஊசியால் ஏதாவது வந்ததா என்பதைத் தீர்த்துவைக்கும்.

மூன்று: இரத்தம் கொடுத்த அன்றே மூன்றாவது தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். இடைவெளி விட்டுப்போனதால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று பலர் கேட்கிறார்கள், தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஊசியைத் தோள்பட்டைத் தசையில் போட வேண்டும், இடுப்பில் அல்ல.

நான்கு: அதற்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து ஆன்ட்டி-எச்.பி.எஸ். (தடுப்பூசியால் வந்த எதிர்ப்பாற்றலின் அளவு) பாருங்கள். மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகோ அதற்கு மேலோ இருந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. அந்தத் தாளைச் சான்றிதழ்களோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளை எங்கே வேலைக்குப் போனாலும் உதவும். அளவு குறைவாக இருந்தால் இன்னொரு சுற்று ஊசி போடச் சொல்வோம்.

ஐந்து: அந்தப் பெரியவருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனைகள் செய்திருக்கிறார்களா என்று பதிவு செய்யும் இடத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள்.

ஆறாம் மாத முடிவு வரும் வரை இரத்த தானம் செய்யாதீர்கள். பிளேடு, பல் துலக்கும் பிரஷ் போன்றவற்றைப் பகிராதீர்கள். அவ்வளவுதான். வார்டுக்குப் போகலாம், நோயாளிகளைத் தொடலாம், மெஸ்ஸில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிப்பதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, இருமலாலோ இது பரவாது.

ஒருவேளை ஆறாம் மாதத்திலும் தொற்று இருந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. தொடர்ந்து கண்காணிப்போம்; தேவைப்பட்டால் டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் வைரஸை அடக்கி வைக்கும். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்று குத்தியவர்களுக்கு

கைவிட்டுப் போன வாய்ப்பு என்று சொன்னேன் அல்லவா? நீங்கள் கடிதம் எழுதுவதற்கு முன்பே அதற்கான கெடு முடிந்துவிட்டது. மற்ற மாணவர்களாவது தெரிந்துகொள்ளட்டும்.

குத்தியவுடன் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், விரலை வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது, பிளீச்சிங் கரைசலில் முக்க வேண்டாம். உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். தடுப்பூசி முழுமையாகாதவர் என்றால் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் (ஆயத்தமாகச் செய்துவைத்த எதிர்ப்பொருள்) ஊசியை 24 மணி நேரத்துக்குள் போடுவது உத்தமம். ஏழு நாளுக்கு மேல் போனால் பலன் இருக்குமா என்று சொல்ல முடியாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைகளுக்கு 72 மணி நேரம்தான் கெடு. மூன்று தவணையும் போட்டு, எதிர்ப்பாற்றல் அளவும் 10-க்கு மேல் என்று பார்த்து வைத்திருப்பவருக்கு ஹெபடைடிஸ் பி-க்காக எதுவுமே தேவையில்லை. கையைக் கழுவி, பதிவு செய்துவிட்டு, எச்.ஐ.வி.யையும் சி-யையும் பற்றி மட்டும் விசாரித்தால் போதும்.

மார்க்கும் மூன்றாவது ஊசியும்

நல்ல மார்க் வாங்கியவள் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன் அம்மா. இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங் மாணவர்களிடம் நம் நாட்டில் நடந்த ஆய்வுகளைப் புரட்டினால் திரும்பத் திரும்ப ஒரே படிநிலைதான் தெரிகிறது. எப்படிப் பரவும் என்று கேட்டால் பெரும்பாலோர் சரியாகச் சொல்கிறார்கள். மூன்று ஊசியும் போட்டவர்களைத் தேடினால் எண்ணிக்கை இறங்குகிறது. போட்டபின் எதிர்ப்பாற்றலைப் பரிசோதித்தவர்கள் என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம். கல்லூரியில் முகாம் வைத்து முதல் ஊசி போடுகிறார்கள். ஒரு மாதத்தில் இரண்டாவதும் நடந்துவிடுகிறது. ஆறாம் மாதத்தில் பரீட்சையோ விடுமுறையோ குறுக்கே வருகிறது. அதற்குப் பிறகு கேட்பாரில்லை. குழந்தையாக இருந்தபோதே போட்டிருப்பார்கள் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அரசின் தடுப்பூசி அட்டவணையில் நாடு முழுவதும் இது சேர்ந்தது 2011-ல்தான். உங்கள் வயதுக்காரர்கள் பலருக்குக் கிடைத்திருக்காது.

மூடி போட்டதையும் பார்ப்போம். இடது கையில் மூடி, வலது கையில் சிரிஞ்சு, இரண்டும் எதிரெதிரே வருகின்றன. மூடியின் வாய் சிறியது. கொஞ்சம் தப்பினாலும் ஊசி நேராக மூடியைப் பிடித்திருக்கும் ஆட்காட்டி விரலில்தான் இறங்கும். உங்களுக்கு இறங்கியதும் அதே இடம்தான். பயன்படுத்திய ஊசிக்கு மூடியே போடக் கூடாது. கட்டிலருகிலேயே ஊசி வெட்டியில் வெட்டி, குத்தினால் துளையாத வெள்ளை டப்பாவில் போட்டுவிட வேண்டும். டப்பா பக்கத்தில் இல்லை, மூடி போட்டே தீர வேண்டும் என்றால், மூடியை டிரேயில் படுக்கவைத்து, மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரே கையால் ஊசி முனையை மூடிக்குள் நுழைத்து அள்ளி எடுங்கள்.

இன்னும் ஒன்று. கேஸ் ஷீட்டில் சிவப்பு மையைப் பார்த்த பிறகுதான் உங்களுக்குப் பயம் வந்தது. அந்த எழுத்து இல்லாதிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. உலகில் 25.4 கோடிப் பேருக்கு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது, அவர்களில் 2.98 கோடிப் பேர் இந்தியர்கள். உலக அளவில் இந்த நோய் உள்ள நூறு பேரில் 13 பேருக்குத்தான் அது கண்டறியப்பட்டிருந்தது. அப்படியானால் எந்தக் குறியும் இல்லாத அடுத்த கட்டிலில் படுத்திருப்பவருக்கும் இருக்கலாம். ‘பாசிட்டிவ் கேஸ்’ என்று ஒருவரை மூலைக் கட்டிலுக்குத் தள்ளி, இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு, மாத்திரையைத் தூர நின்று நீட்டிவிட்டு, அடுத்தவரிடம் வெறுங்கையோடு இரத்தம் எடுக்கும் பழக்கத்தை வார்டுகளில் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் அந்த நோயாளியின் மனம் நோகிறதே தவிர, நமக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. எல்லா இரத்தத்தையும் ஒரே எச்சரிக்கையோடு கையாளுங்கள். எல்லா நோயாளியிடமும் ஒரே மாதிரிப் பேசுங்கள். அந்தப் பெரியவரின் பெயரை விடுதியில் யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

மூன்றாவது ஊசியைக் கேட்க நீங்கள் கூச்சப்படவும் வேண்டாம். மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லாப் பணியாளருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவது மருத்துவமனையின் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. ஊசியை வெட்டி டப்பாவில் போடும் மாணவிக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும் என்று டியூட்டரிடம் கேளுங்கள். வகுப்பில் எத்தனை பேருக்கு இரண்டோடு நின்றுபோயிருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்து, எல்லோருக்கும் சேர்த்தே கேட்டால் இன்னும் நல்லது.

அந்தப் பட்டியலை உங்கள் அறைத்தோழியிடமிருந்து தொடங்குங்கள். பாட்டிலைத் தொடப் பயப்படுகிறவர் மூன்றாவது ஊசியைப் போட்டுவிட்டாரா என்று கோபமில்லாமல் கேட்டுப் பாருங்கள். போடவில்லை என்றால், நாளை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.