தளிர்க்காத புல்லுக்குப் பனிக்காலம்

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். வீடு வடிவாக இருக்கிறது. பின்வளவு முழுக்கப் பழைய சொந்தக்காரர் விரித்துவிட்டுப் போன செயற்கைப் புல். அதன்மேல் பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் இலை கொட்டத் தொடங்கிவிட்டது. "பிளாஸ்டிக்தானே பெரியம்மா, பனிக்காலத்தில் அதற்கு என்ன பராமரிப்பு?" என்று கேட்டிருந்தாய்.

பிளாஸ்டிக் என்பதால்தான் கவனம் வேண்டும், பிள்ளை. உண்மையான புல்லை டிசெம்பரில் மிதித்துச் சேறாக்கினாலும் ஏப்ரலில் வேரிலிருந்து தளிர்த்துக்கொள்ளும். இது தளிர்க்காது. ஓர் இழை முறிந்தால் முறிந்ததுதான். லண்டன் பனிக்காலம் அதற்குச் செய்கிற கெடுதி கொஞ்சம். பனிக்காலத்தில் மனிதர் செய்கிற கெடுதிதான் அதிகம்.

முதல் வேலை இலை. மரத்தடிக்குப் போய் ஒரு கைப்பிடி அளவு இடத்தை விரலால் விரித்துப் பார். மேலே நிமிர்ந்து நிற்கிற பச்சை இழைகள் பெரும்பாலும் பாலிஎதிலீன். அவற்றின் அடியில் மண்ணிறமாகச் சுருண்டு கிடப்பது, காய்ந்த புல்லின் தோற்றத்துக்காகச் சேர்த்த பாலிபுரோப்பிலீன். அதற்கும் கீழே, இழைகள் சாயாமல் இருக்கத் தூவிய மணல். இலைத்துண்டும் மரவிதையும் போய்ச் சிக்குவது அந்தச் சுருளுக்குள்தான். நனைந்த இலை ஒரு கிழமை கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்த படையாகிவிடும். இன்னும் விட்டால் உக்கித் தூளாகி மணலுக்குள் இறங்கும். அது நல்ல உரம். உரமும் ஈரமும் நிழலும் சேர்ந்த இடத்தில் பாசி பிடிக்காமல் என்ன செய்யும்? வசந்தத்தில் உன் பிளாஸ்டிக் புல்லுக்குள் மேப்பிள் கன்று இரண்டு இலை விட்டு நிற்கும். நம்ப மாட்டாய், இப்படி முளைத்ததை நான் பல வளவுகளில் பிடுங்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. விரிப்பின் அடிப்பாகத்தில் மழைநீர் இறங்கச் சிறு துளைகள் இருக்கும். இந்தத் தூள் அவற்றை அடைத்தால் தண்ணீர் மேலேயே நிற்கும். லண்டன் களிமண்ணில் ஏற்கெனவே தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். நின்ற தண்ணீர் இரவில் உறைந்தால் காலையில் வளவு கண்ணாடித் தரைதான்.

ஆகவே ஒக்டோபர் முதல் மரம் மொட்டையாகிற வரை கிழமைக்கு ஒரு தரமாவது கூட்டு. விறைப்பான நைலோன் மயிர் வைத்த நீண்ட தும்புத்தடி போதும். இரும்பு வாரியைத் தொடாதே. அது இழைகளைக் குஞ்சத்தோடு பிடுங்கும், இரண்டு துண்டுகளை ஒட்டிய மூட்டையும் கிளப்பும். இழை சாய்ந்திருக்கிற திசைக்கு எதிராகக் கூட்டினால் இலையும் வரும், படுத்த இழையும் எழும். காய்ந்த நாளில் செய். ஈரத்தில் கூட்டினால் பாதி இலை சுருளுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். காற்றூதி இருந்தால் பாவிக்கலாம், குறைந்த வேகத்தில். கூடினால் மணலும் சேர்ந்து பறக்கும்.

கூட்டிய இலையைப் பையில் கட்டி எறியாதே. வேலி மூலையில், புதரடியில் குவித்து வை. ஒன்றிரண்டு வருடத்தில் பூச்சாடிக்குப் போட நல்ல இலைமக்கு கிடைக்கும். முள்ளெலி இங்கே பனிக்காலம் முழுக்க உறங்கும் பிராணி. அதற்கு இப்படிப்பட்ட குவியல்தான் வீடு. இந்த விரிப்பின் அடியில் மண்புழுவை எடுக்க எந்தப் பறவைக்கும் வழியில்லை. அந்த ஒரு மூலையாவது அவற்றுக்கு இருக்கட்டும்.

பாசி ஏற்கெனவே பிடித்திருந்தால், வெயில் படாத சுவரோரம் பார், அங்கேதான் தொடங்கும். வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவு. கடையில் புல்தரைக்கென்று விற்கிற இரும்பு கலந்த பாசிக்கொல்லி உயிருள்ள புல்லுக்கானது. இங்கே அதற்கு வேலையில்லை, நடைகல்லில் பட்டால் துருக்கறைதான் மிஞ்சும். உயரழுத்தத் தண்ணீர்ப் பீச்சியையும் கிட்டப் பிடிக்காதே. மணல் முழுக்கக் கிளம்பிவிடும்.

இனி உறைபனி. பாலிஎதிலீன் குளிருக்கு நன்றாக ஈடுகொடுக்கும். லண்டன் குளிரில் அது தன்பாட்டில் உடையாது. பாலிபுரோப்பிலீன் அப்படியல்ல, பூச்சியத்துக்குக் கிட்ட வந்தாலே விறைக்கத் தொடங்கிவிடும். வானம் பளிச்சென்று வெளித்த இரவுக்குப் பிறகு காலையில் குசினிக் கதவைத் திறந்து குனிந்து பார்: ஒவ்வோர் இழையையும் சுற்றி வெள்ளையாக ஒரு பனியுறை பிடித்திருக்கும். விரலால் மெல்ல வளைத்தால் சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். உடைவது அந்த உறைதான், ஆனால் சப்பாத்துக் காலால் முழுப் பாரத்தோடு மிதிக்கிறபோது உள்ளே இருக்கிற இழையும் சேர்ந்து மடிந்து முறியலாம். தினமும் குப்பைத்தொட்டிக்கு ஒரே வழியில் நடந்தால் மாசியில் அந்தத் தடம் தெளிவாகத் தெரியும். நடக்கத்தான் வேண்டுமென்றால் ஓரமாக நாலு நடைகல் பதித்துக்கொள். மற்றபடி பனியுறையைப் பத்து மணி வெயில் பார்த்துக்கொள்ளும்.

பனி கொட்டினால் கொட்டட்டும். பனியால் விரிப்புக்கு ஒரு தீங்கும் இல்லை. பிள்ளைகள் வந்து பனிமனிதன் செய்தால் செய்யட்டும். அந்த இடம் கரைய நாளெடுக்கும், கரைந்தபின் படுத்த இழையைத் தும்புத்தடியால் எழுப்பிவிடு. பாதை திறக்க வேண்டியிருந்தால் பிளாஸ்டிக் சவலால் மேற்பனியை மட்டும் தள்ளு, அடியில் ஓர் அங்குலம் விட்டுவிடு. பனிக்கட்டியை மட்டும் ஒருபோதும் கொத்தாதே. கட்டிக்குள் இழைகள் பிடிபட்டிருக்கும். கட்டியைப் பெயர்த்தால் அவையும் கூடவே வரும்.

அவசரத்தில் எல்லோருக்கும் கேத்தல்தான் நினைவுக்கு வரும். வேண்டாம். பாலிஎதிலீன் 105 பாகைக்கு மேலேதான் உருகும் என்றாலும் கொதிநீரில் இழை தளர்ந்து வளைந்துவிடும், அடியிலுள்ள பசையும் இளகும். ஊற்றிய தண்ணீரே கொஞ்ச நேரத்தில் திரும்ப உறையும். உப்பு இழையைக் கெடுக்காது, ஆனால் இங்கே தெருவுக்குப் போடுகிற கல்லுப்பு களிமண் கலந்து மண்ணிறமாக இருக்கும்; உப்பு கரைந்தபின் அந்தக் களி துளைகளில் போய் நிற்கும். நாய் பூனையின் பாதத்தையும் அது எரிக்கும். உப்பை வாசற்படியோடு நிறுத்திக்கொள்.

தீபாவளியை மறந்துவிடாதே. இங்கே நவம்பர் 5 வாணவேடிக்கையும் தீபாவளியும் கிட்டக்கிட்ட வரும், எல்லோரும் வளவில்தான் கூடுவார்கள். ஒரு கம்பி மத்தாப்பின் நுனி ஆயிரம் பாகையைத் தாண்டும். ஒரு பொறி போதும், கறுத்த ஓட்டை விழ. அதைத் தைக்க முடியாது. அந்தத் துண்டை வெட்டி வேறு துண்டு ஒட்டவேண்டும், நிறம் ஒத்துவராது. மத்தாப்பை நடைகல்லில் நின்று கொளுத்துங்கள், எரிந்த கம்பியைத் தண்ணீர் வாளிக்குள் போடுங்கள். பிள்ளைகளின் காலுக்கும் அதுதான் நல்லது. அடுப்பும் தீச்சட்டியும் அப்படியே.

ஓரங்களையும் மூட்டுகளையும் ஒரு தரம் சுற்றிப் பார். அடிமண் உறைந்து உப்பி இளகும்போது விரிப்பைப் பிடித்திருக்கிற ஆணி கிளம்பும். கிளம்பியிருந்தால் மண் இளகிய நாளில் அடித்து இறக்கு. பிரிந்த மூட்டைக் குளிரில் ஒட்டாதே, பசை பிடிக்காது. பாரமான பூச்சாடி, கதிரை எல்லாம் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்க விடாதே.

என் மனதிலுள்ளதையும் சொல்லவேண்டும். 1966இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் அஸ்ட்ரோடோமில் இந்தப் புல்லைப் போட்டார்கள். அது ஒளி புகும் கூரை மூடிய விளையாட்டரங்கு. வெளிச்சத்தில் கண் கூசுகிறதென்று கூரைக்கு வண்ணம் பூச, உள்ளே இருந்த உண்மையான புல் செத்துப்போனது. அங்கே அதற்கு ஒரு நியாயம் இருந்தது. மழையும் வெயிலும் விழுகிற வீட்டு வளவுக்கு அது தேவையில்லை என்பதே என் எண்ணம். இங்குள்ள அரச தோட்டக்கலைச் சங்கமும் 2022இல் தன் கண்காட்சிகளில் செயற்கைப் புல்லைத் தடைசெய்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கே கிழித்தெறி என்று உனக்குச் சொல்லமாட்டேன். பாலிஎதிலீன், பாலிபுரோப்பிலீன், அடிப்பூச்சான லேட்டெக்ஸ், மணல் எல்லாம் ஒட்டிக்கிடக்கிற இந்த விரிப்பைப் பிரித்து மறுபடி பயன்படுத்துவது கடினம்; பெரும்பாலும் குப்பைமேட்டுக்கோ எரியுலைக்கோதான் போகும். வந்துவிட்ட பொருளை நொறுங்கவிடாமல், அதன் துகள் வடிகாலுக்குள் போகவிடாமல், முடிந்தவரை நீண்ட காலம் வைத்திருப்பதே இப்போதைக்குச் சரி.

இந்தச் சனிக்கிழமை மழையில்லை என்கிறார்கள். மரத்தடியிலிருந்து தொடங்கு. இந்த விரிப்பின் காலம் முடிகிறபோது, இன்னொன்று வாங்குவதற்கு முன் எனக்குச் சொல். இங்கே புல் விதைக்கச் செப்டெம்பர் நல்ல மாதம். விதையோடு நான் வருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா