அந்தமானிலிருந்து நாற்காலியோடு மெயின்லேண்ட் போகிற தங்கச்சிக்கு

தங்கச்சி, உன் அத்தையைச் சென்னை ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். பக்கவாதம் வந்து நடை நின்றுபோன பிறகு அவர்களுக்கு இது முதல் விமானப் பயணம். முதுகுத்தண்டில் அடிபட்ட நம் தம்பியை நாற்காலியில் வைத்து நான் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். அதில் கற்றதைச் சொல்கிறேன், கேள்.

முதலில் கப்பல் யோசனையை விடு. ஹேடோ ஜெட்டி வீட்டுக்குப் பக்கம், செலவும் குறைவு என்று வீட்டில் சொல்வார்கள். மூன்று நாள் கடல், சரிந்து ஏறும் கேங்வே, அலை ஆட்டம். கழிப்பறைக்குக்கூட ஆள் பிடித்துத் தூக்க வேண்டியவர்களுக்கு அது தாங்காது. விமானம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

டிக்கெட் எடுக்கும்போது "வீல்சேர் வேணும்" என்று மட்டும் சொல்லாதே. எல்லோரும் இங்கேதான் தவறுகிறோம், நானும் தவறினேன். விமானக் கம்பெனிகளுக்கு வீல்சேர் என்பது ஒன்றல்ல, மூன்று. தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படியும் ஏற முடியாது, ஆனால் உள்ளே போய்விட்டால் சீட் வரை நாலு அடி வைப்பார் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். சீட் வரைக்கும் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. கடைசி எழுத்துதான் எல்லாம். தம்பியோடு போன முதல் தடவை டிக்கெட்டில் 'ஆர்' என்று விழுந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. விமானத்தின் படிக்கட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டு, "ஏறுங்க சார்" என்றார்கள். வெயிலில் அவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 'ஆர்' போட்டால் தூக்கி ஏற்றும் வண்டியான ஆம்புலிஃப்ட் வராது. உள்ளே ஒடுங்கிய நடைபாதையில் தள்ளுகிற சின்ன நாற்காலி 'சி' போட்டால்தான் தயாராக இருக்கும். அத்தைக்கு 'சி' போடச் சொல். புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்னால் மறுபடி போன் செய்து, அந்த எழுத்து பதிவாகியிருக்கிறதா என்று கேள். பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துவை.

இதைக் கேட்க உனக்குக் கூச்சம் வரும் என்று எனக்குத் தெரியும். கூசாதே. 2012-ல் ஜீஜா கோஷ் என்பவரை, மூளை முடக்குவாதம் உள்ளவர் என்பதற்காக, கொல்கத்தாவில் ஏறி உட்கார்ந்த விமானத்திலிருந்தே இறக்கிவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2016-ல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2022 மே மாதம் ராஞ்சியில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை ஏற்றாமல் விட்ட விமானக் கம்பெனிக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம். அதற்குப் பிறகுதான், உடல்நிலை மோசமாகும் என்று தோன்றினால் பயணியை டாக்டர் பார்க்க வேண்டும், அதற்கு முன் கம்பெனியே தீர்மானித்து மறுக்கக் கூடாது என்று விமானத் துறையைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. விதியைத் திருத்தியது. இவர்கள் பட்ட பாட்டில் கிடைத்த உரிமை இது. அத்தைக்காக நீ தயங்காமல் கேட்கலாம்.

அத்தைக்குப் பக்கவாதம் வந்து அதிக நாள் ஆகவில்லை என்பதால், பறக்கத் தகுதி உண்டு என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள். ஆக்சிஜன் தேவைப்பட்டால் அதற்குத் தனிப் படிவம் உண்டு. அதைக் கடைசி நாளுக்கு வைக்காதே. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. கார்டு வந்திருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும்.

சொந்த நாற்காலிக்குக் காசு கேட்டால் கொடுக்காதே. அதை ஏற்றிச் செல்வது இலவசம். செக்-இன் கவுண்டரிலேயே பிடுங்கிக்கொள்ள விடாமல், விமானத்தின் வாசல் வரை அதிலேயே வருகிறோம் என்று சொல். கொடுப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடு. கால்வைக்கும் தட்டு, குஷன் என்று கழற்ற வருவதையெல்லாம் கழற்றிப் பையில் போட்டு உன்னோடு கொண்டுபோ. அந்தக் குஷனை விமான சீட்டின் மேல் போட்டு உட்கார வை, புண் வருவது குறையும். பேட்டரி நாற்காலி என்றால் எந்த வகை பேட்டரி, எத்தனை வாட்-அவர் என்பதை முன்னாலேயே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். கழற்றிய லித்தியம் பேட்டரி கீழே சாமான் அறைக்குப் போகக் கூடாது, 300 வாட்-அவர் வரை கையோடுதான் வர வேண்டும்.

சீட்டுக்கு மாற்றும்போது ஒரு சின்ன விஷயம். நடைபாதைப் பக்கக் கைப்பிடி அசையாத மாதிரி இருக்கும். பல விமானங்களில் அதன் அடியில், கீல் பக்கமாக, ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் கைப்பிடியை மேலே தூக்கிவிடலாம், ஆளை அப்படியே பக்கவாட்டில் நகர்த்தலாம். இது தெரியாத பணியாளர்கள் ஆளைக் கைப்பிடிக்கு மேலே தூக்கப் பார்ப்பார்கள். நீயே பணிப்பெண்ணிடம் கேட்டுக் கைப்பிடியைத் தூக்கச் சொல். எப்படிப் பிடித்தால் அத்தைக்கு வலிக்காது என்பதும் உனக்குத்தான் தெரியும், தோளைப் பிடித்து இழுக்க விடாதே.

விமானக் கழிப்பறை மிகச் சின்னது. அதற்குப் பயந்து பலர் முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். தம்பியும் அப்படிச் செய்து, இறங்கிய மறுநாள் சிறுநீர்த் தொற்றோடு காய்ச்சலில் விழுந்தான். டயப்பர் போட்டு, தண்ணீர் கொடுத்துக் கூட்டிப் போ.

மாத்திரைகள் முழுவதும் கைப்பையில், மருந்துச்சீட்டோடு, இரண்டு மூன்று நாளைக்குக் கூடுதலாகவே இருக்கட்டும். மழைக்காலத்தில் நம் ஊர்மேல் வந்துவிட்டு இறங்க முடியாமல் சென்னைக்கே திரும்பிப் போன விமானங்களை நீயே பார்த்திருக்கிறாய்.

சென்னையில் எல்லோரும் இறங்கட்டும், கடைசியாக இறங்கு. நாற்காலி கைக்கு வந்ததும் பிரேக், சக்கரம் பார். சேதம் இருந்தால் வெளியே வந்த பிறகு சொன்னால் எடுபடுவது கஷ்டம். சாமான் வரும் பெல்ட் பக்கத்திலேயே எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கு. பதில் இல்லையென்றால் அரசின் புகார் தளமான ஏர்சேவாவில் போடலாம். திரும்புகிற டிக்கெட்டிலும் அந்த 'சி' இருக்கிறதா என்று தனியாகக் கேட்டுக்கொள், போகும்போது போட்டது வரும்போது தானாக வராது.