உம்ராவுக்குப் புறப்படுமுன் ஒரு கணக்கு



உம்ராவுக்கு நிய்யத் வைத்தவர்கள் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் முதலில் கேட்பது, "பேக்கேஜ் எவ்வளவு?" என்றுதான். விமானம், விசா, அறை, மூன்று வேளைச் சாப்பாடு பெரும்பாலும் அதில் அடங்கிவிடும். கையில் எவ்வளவு கொண்டுபோவது என்று கேட்பவர் குறைவு. பீடி சுற்றியும் சீட்டுப் போட்டும் வருடக்கணக்கில் சேர்த்த பணத்தில் புறப்படும் குடும்பம், திரும்பி வந்த மாதமே நகையை அடகு வைப்பது இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான்.

கணக்குப் போடுவது தவக்குலுக்கு மாற்றமானதல்ல. யமன்வாசிகள் சிலர் அல்லாஹ்வை நம்பியே வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு, வழிச்செலவுக்கு ஏதுமின்றி ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவில் பிறரிடம் கேட்டு நின்றார்கள். பயணத்துக்கு வேண்டியதைத் தயார் செய்துகொள்ளச் சொல்லும் சூரா பகராவின் 197-வது வசனம் அப்போதுதான் இறங்கியது என இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது.

இனி கணக்கு. 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்றே சவூதி வைத்திருக்கிறது. ஆகவே அன்றைய டாலர் விலையை 3.75-ஆல் வகுத்தால் ரியால் விலை வரும். டாலர் 90 ரூபாய் என்றால் ரியால் 24 ரூபாய்.

கணவன் மனைவி இருவர், 15 நாள் என்று வைப்போம். டீ, மோர், பழம், எப்போதாவது வெளியில் ஒரு சாப்பாடு, இரண்டாவது உம்ராவுக்கு இஹ்ராம் கட்டத் தன்ஈம் போய்வர வண்டி: ஆளுக்கு நாளொன்றுக்கு 20 ரியால் வையுங்கள். மொத்தம் 600 ரியால், அதாவது 14,400 ரூபாய். சிம் கார்டு, ஆண்களுக்கு முடி இறக்கும் கூலி, மருந்து இவற்றுக்குத் தனியாக 150. அவசரத்துக்கு 300 ரியாலை வேறு பையில் வைத்துத் தைத்துவிடுங்கள். ஊர் வந்து சேரும்வரை அதைத் தொடக் கூடாது. இதுவரை 1,050 ரியால், 25,200 ரூபாய். ரமளானில் போகிறவர்கள் இன்னும் கூட்டித்தான் போட வேண்டும்.

பணம் ஓட்டையாவது பெரும்பாலும் சாப்பாட்டில் அல்ல, அன்பளிப்பில். யார் யாருக்கு என்று சுரண்டையிலேயே பெயர் எழுதிவிடுங்கள். 30 வீட்டுக்கு 10 ரியால் வீதம் என்றால் 300 ரியால், 7,200 ரூபாய். பட்டியலில் இல்லாதவருக்குப் பேரீச்சம்பழமும் ஒரு வாய் ஜம்ஜமும் போதும், அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அங்கே விற்கும் தஸ்பீஹிலும் முஸல்லாவிலும் பல சீனாவில் செய்தவை என்பதையும் சொல்லிவிடுகிறோம். சாமான் எடை கூடினால் விமானத்தில் அதற்கும் பணம்.

உங்கள் பயணத்தில் மதீனா முதலில் வருகிறதா என்று பாருங்கள். பேரீச்சம்பழக் கடைகளில் அங்கேயே கை காலியாகிவிட்டால் மக்கா நாட்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. இரு ஊருக்கும் இரண்டு கவர் போட்டுப் பணத்தைப் பிரித்து வையுங்கள்.

கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா ரியாலிலா என்று மெஷின் கேட்டால் ரியால் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் போடும் விலையில் வெட்டு விழும்.

தினமும் இஷாவுக்குப் பின் அன்றைய செலவை எழுதுங்கள். இன்று 60 ரியால் போயிருந்தால் நாளை 20-க்குள் நிற்க வேண்டும். நோட்டைப் பெண்களிடம் கொடுப்பது நல்லது. வீட்டில் சீட்டுக் கணக்கு பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்தானே.

புறப்படும் தேதி முடிவானவர்கள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடன் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறோம்.