தொண்டைக்கு மருந்து வேலி ஓரத்திலே

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாற்று நடவு முடிவதற்குள் வீட்டில் ஒருவருக்காவது தொண்டைக் கட்டு வந்துவிடும். தைமாதக் கதிரடிப்பில் தூசியால் கரகரப்பும் வறட்டு இருமலும் தொடரும். இவற்றுக்கான மூலிகைகளில் சில, வேலி ஓரத்தில் எளிதாக வளரக்கூடியவை.

முதலாவது ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்பதால் வந்த பெயர். எனவே காவல் இல்லாமலே வளரும். வயலுக்குத் தழையுரமாகவும் ஆகும். இதன் இலையில் வாசிசின் என்னும் காரப்பொருள் உள்ளது. கெட்டிச் சளியை இளக்க மருத்துவர்கள் தரும் புரோம்ஹெக்சின், இந்த வாசிசினை ஒட்டிச் செயற்கையாக உருவாக்கப்பட்டதே. பென்சில் பருமனில் 3 அல்லது 4 கணுக்கள் உள்ள தண்டுகளை வெட்டி, மழைக்கு முன் வேலியோரம் ஊன்றினால் போதும். முற்றிய இலை 3 அல்லது 4 எடுத்துக் கழுவி அரிந்து, இரண்டு தம்ளர் நீரில் அரைத் தம்ளராக வற்றும்வரை காய்ச்சி வடிகட்டித் தேன் கலந்து குடிக்கலாம். கசப்பு கடுமையாக இருக்கும். நல்லது என்று அளவைக் கூட்டினால் வாந்தி வரும். கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை இதற்கு உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது.

தூதுவளை வேலியில் தானே ஏறிக்கொள்ளும். முள்ளை நீக்கி, நெய்யில் வதக்கித் துவையலாகவோ ரசமாகவோ உண்ணலாம். சித்தரத்தையைத் தென்னை நிழலில், நீர் தேங்காத இடத்தில் கிழங்குத் துண்டாக நட வேண்டும். அறுவடைக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். காய்ந்த சிறு துண்டை வாயில் அடக்கிச் சாற்றை விழுங்கினால் கரகரப்பு குறையும். இவை எதுவும் கைக்கு அகப்படாதபோது, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளிப்பதே நல்ல வைத்தியம்.

அதிமதுரம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு. அதற்குப் பதிலாக வேலியில் படரும் குன்றிமணியின் வேரையும் இலையையும் சிலர் மெல்லுவதுண்டு. இனிப்பு இருப்பது உண்மைதான். ஆனால் அதே கொடியின் விதையில் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. பிள்ளைகள் புழங்கும் வீட்டில் இந்தப் பழக்கம் வேண்டாம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அசல் அதிமதுரத்தையும் நாள்தோறும் உண்ணக் கூடாது.

கத்தரி, பருத்தி வயல் வரப்பில் பறித்த இலை மருந்தாகாது. பயிருக்கு அடித்த பூச்சிமருந்து காற்றில் வந்து அதன் மேலும் படிந்திருக்கும். அதனால் மூலிகையை வயலில் அல்லாமல் வீட்டுப் புறக்கடை வேலியில் வைப்பதே சரி. மருந்து தெளித்துவிட்டு வந்தவருக்குத் தொண்டை எரிந்து, எச்சில் ஊறி, தலைசுற்றலோ வாந்தியோ வந்தால் கஷாயம் வைத்து நேரத்தைப் போக்கக் கூடாது. உடையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிள்ளைகளுக்குத் தொண்டை வலியோடு கடுங்காய்ச்சல் இருந்து, இருமலும் சளியும் இல்லையென்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கிருமியால் வரும் ஒருவகைத் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் பிறகு மூட்டு வீக்கமாகி, இருதய வால்வைக் கெடுக்கும். தொண்டைக்குள் சாம்பல் நிறத் தோல் படிந்து கழுத்து வீங்கினால் அது டிப்தீரியா எனப்படும் தொண்டை அடைப்பானாக இருக்கலாம். மாட்டுக்கு மழைக்கு முன் ஊசி போடுகிறோமே, அந்தத் தொண்டை அடைப்பான் வேறு, இது வேறு. இதற்கான தடுப்பூசி குழந்தை பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களிலும், பின்னர் ஊக்கத் தவணைகளாகவும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது.