இளம் ஏ.சி. மெக்கானிக்குக் கடிதம்: கம்ப்ரஸர் கிளட்ச்

காரின் ஏ.சி. கம்ப்ரஸரை இன்ஜினோடு சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்சின் வேலை. இன்ஜின் ஓடும்வரை பெல்ட் புல்லியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். கம்ப்ரஸர் சும்மா நிற்கும். ஏ.சி. பட்டனை அழுத்தியதும் புல்லிக்குப் பின்னால் உள்ள காயிலில் 12 வோல்ட் கரண்ட் பாய்கிறது. காயில் காந்தமாகி, முன்னால் உள்ள இரும்பு பிளேட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கிறது. ‘டக்’கென்ற சத்தத்துடன் கம்ப்ரஸர் சுற்றத் தொடங்குகிறது. பேக்கார்ட் நிறுவனம் 1940 மாடல் கார்களில் ஏ.சி. வைத்தபோது இந்தக் கிளட்ச் கிடையாது; குளிர் வேண்டாமென்றால் இன்ஜினை நிறுத்தி பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் கோடையில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: “காலையில ஜில்லுனு இருக்கு, உச்சி வெயில்ல வெறும் காத்துதான் வருது.” இதைக் கேட்டவுடன் கேஸ் போய்விட்டது என்று முடிவுகட்டுவது தவறு. செம்புக் கம்பி சூடேறினால் அதன் மின்தடை கூடும். 20 டிகிரியில் 3.6 ஓம் காட்டும் காயில், இன்ஜின் சூட்டில் 100 டிகிரியைத் தொட்டால் 4.7 ஓம் காட்டும். கரண்ட் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துவிடும். காந்தத்தின் இழுப்பும் அதனால் தளரும். பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளி புதிதில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர்தான். தேய்ந்து தேய்ந்து அது ஒரு மில்லிமீட்டரை நெருங்கியிருந்தால், காலையில் எப்படியோ பிடித்த பிளேட் மதியத்தில் பிடிக்காது. வண்டி ஆறியபின் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஆகவே இந்தப் புகாரோடு வரும் வண்டியை மதியம் ஒரு மணிக்குப் பார்ப்பதே முறை.

தேய்மானத்துக்கு இந்த மண்ணும் ஒரு காரணம். கரிசல் புழுதி மாவைப் போல நுண்ணியது. அது பிளேட்டுக்கும் புல்லிக்கும் இடையில் புகுந்து இரு முகங்களையும் அராவுகிறது. அதே புழுதியும் சருகும் பஞ்சும் கண்டென்சரின் தகடுகளில் அப்பிக்கொள்ளும்போது சூடு வெளியேறாமல் ஹை பிரஷர் ஏறுகிறது. கம்ப்ரஸரைச் சுழற்றக் கூடுதல் பலம் தேவைப்பட, பிளேட் வழுக்கிக் கருகுகிறது. கண்டென்சரைக் கழுவாமல், ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்காமல் புதுக் கிளட்ச் மாட்டினால் அடுத்த கோடைக்கு அதே வண்டி திரும்பி வரும். கேஸ் குறைவாக இருந்தாலும் கிளட்ச் பாழாகும். பிரஷர் சுவிட்ச் நொடிக்கு நொடி வெட்டிச் சேர்க்க, ஒவ்வொரு முறையும் பிளேட் உரசித் தேய்கிறது. அந்தச் சுவிட்சை ஒயர் போட்டு ஷார்ட் செய்து அனுப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கேஸோடு சேர்ந்துதான் ஆயிலும் சுற்றிவருகிறது. கேஸ் இல்லாமல் ஓடும் கம்ப்ரஸர் ஆயிலின்றிப் பிடித்துக்கொள்ளும். அப்படிச் சுவிட்சை ஷார்ட் செய்வது ஒருபோதும் கூடாத வேலை.

சோதனை ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். ஏ.சி. போட்ட நிலையில் காயில் கனெக்டரில் வோல்ட்டை அளக்க வேண்டும். பேட்டரி வோல்ட்டைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் குற்றவாளி ரிலேயாகவோ எர்த்தாகவோ இருக்கலாம். வோல்ட் சரியாக வந்தும் பிளேட் அசையாவிட்டால், இன்ஜினை நிறுத்தி, ஃபியூஸ் வைத்த ஒயர் வழியாகக் காயிலுக்கு நேரடியாகப் பேட்டரி கொடுத்து, பிளேட்டை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கலாம். அழுத்தியதும் ஒட்டிக்கொண்டால் காயில் நன்றாக இருக்கிறது, இடைவெளிதான் கூடிவிட்டது. மல்டிமீட்டர் தொடர்பே காட்டாவிட்டால் காயில் போய்விட்டது. ஏ.சி. போடாதபோதும் கீச்சென்ற சத்தம் கேட்டால், பெல்ட்டும் மற்ற புல்லிகளும் சரியாக இருக்கும் பட்சத்தில், கம்ப்ரஸர் புல்லி பேரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியாக, பிளேட்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சீராகச் சுற்றினால் கம்ப்ரஸர் உயிரோடு இருக்கிறது. சுற்ற மறுத்தாலோ, நறநறவென்று கடித்தாலோ, பிளேட்டைச் சுற்றி ஆயில் கசிந்திருந்தாலோ வெறும் கிளட்ச் மாற்றிப் பயனில்லை. இந்த மூன்றில் எதுவும் இல்லாதபோது முழு கம்ப்ரஸரையும் மாற்றச் சொல்வது, வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவரின் பல நாள் வருமானத்தைப் பறிக்கும் அநியாயம்.

கிளட்ச் வேலைக்குக் கேஸைத் திறக்கத் தேவையில்லை. இடம் போதாத வண்டிகளில் போல்ட்டுகளை மட்டும் கழற்றி, பைப்போடு கம்ப்ரஸரை ஒதுக்கிக் கட்டிக்கொள்ளலாம். ஆர்-134ஏ கேஸைக் காற்றில் திறந்துவிட்டால் அது கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பெல்ட்டை எடுத்து, பிளேட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நடு போல்ட்டைக் கழற்ற வேண்டும். பிளேட் புல்லரால்தான் வர வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கோணிவிடும். உள்ளே ஷிம் என்னும் மெல்லிய வாஷர்கள் இருக்கும், அவை கீழே விழுந்து தொலையக் கூடாது. பிளேட்டின் முகம் வழவழப்பாக இருந்து இடைவெளி மட்டும் கூடியிருந்தால், ஒரு ஷிம்மை எடுத்துவிட்டாலே வேலை முடிந்தது. கருகி நீலம் பாரித்திருந்தால் பிளேட்டையும் புல்லியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சர்க்ளிப்பை எடுத்துப் புல்லியைக் கழற்றினால் பின்னால் காயில். அதன் முளை பழைய குழியில் சரியாக உட்கார வேண்டும். பூட்டியபின் ஃபீலர் கேஜால் மூன்று இடங்களில் இடைவெளியை அளப்பது கட்டாயம். ஓரிடத்தில் உரசினாலும் மறுபடி கழற்றத்தான் வேண்டும்.

இப்போது வரும் சில கார்களில் கம்ப்ரஸர் கிளட்சே இல்லாமல் எப்போதும் சுழல்கிறது. மின்சாரக் கார்களில் கம்ப்ரஸருக்குச் செல்லும் ஆரஞ்சு நிற ஒயரில் உயர் மின்னழுத்தம் இருக்கிறது. பயிற்சி பெறாதவர் அதைத் தொடக் கூடாது.

புதுக் கிளட்ச் பூட்டிய வண்டியில் ஏ.சி.யை இருபது முறை போட்டு நிறுத்திப் பழக்கி, மதிய வெயிலில் திருச்சுழி வரை ஓட்டித் திரும்ப வேண்டும். இன்ஜின் கொதிக்கும் அந்தச் சூட்டிலேயே ஏ.சி.யை நிறுத்தி மீண்டும் போடும்போது பிளேட் உடனே பிடித்தால் மட்டுமே சாவியை உரிமையாளரிடம் கொடுக்கலாம்.