கூரைமேல் தோட்டம், நிலத்தடியில் அறை
மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

எங்கள் திருவேங்கடம் கரிசல் பூமி. கோடையில் கை நுழையுமளவு பிளந்து கிடக்கும் மண், ஐப்பசி மழைக்குப் பிறகு காலைப் பற்றிக்கொண்டு விடாது. எங்கள் பக்கத்தில் நான் படித்த பள்ளியொன்றில் நூலக அறை ஆண்டுதோறும் ஒழுகும். ஒருமுறை விடுமுறையில் பெய்த மழைக்கு ஓர் அலமாரி நூல்கள் முழுவதும் ஊறிப்போயின. மழைக்கு ஏங்கும் ஊரில் மழையால் நூல்கள் அழிவதா? அன்று வந்த எரிச்சலே இக்கட்டுரை.

என் தாயார் மொட்டை மாடிக்குச் சுர்க்கி போடும் வேலைக்குச் சென்றவர். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து கட்டையால் நாட்கணக்கில் அடிப்பர். அதன்மேல் தட்டோடு பதிப்பர். “வாட்டம் சரியில்லேன்னா என்ன போட்டும் வீண்” என்பார் அம்மா. நுண்புழை ஏற்றத்தை வகுப்பில் படித்தபோதுதான் அது எனக்கு விளங்கிற்று. தேங்கிய நீர், மயிரிழை வெடிப்பிலும் தானே நுழையுமன்றோ!

இன்று பெரிய பொதுக்கட்டடங்களைப் பசுமைக் கட்டடங்களாக எழுப்புகிறார்கள். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் அவ்வகைத் தரச்சான்று பெற்றது. ஐதராபாத்தில் 2004-ல் அப்துல் கலாம் திறந்து வைத்த பசுமை வணிக மையத்தின் கூரையில் தோட்டமே இருக்கிறது. வெயில் தாக்காததால் அடியிலுள்ள நீர்த்தடுப்புப் படலம் நெடுநாள் உழைக்கும். ஆனால் வேர் ஈரத்தைத் தேடித் துளைக்குமாதலால், படலத்தின்மேல் வேர்த்தடுப்பு விரிப்பு, வடிகால் அடுக்கு, வடிதுணி, பிறகே மண் என வைக்க வேண்டும். 10 செ.மீ. நீர் தேங்கினாலே சதுர மீட்டருக்கு 100 கிலோ பாரம்! மண்ணைக் கொட்டியபின் ஓட்டையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஓரிடத்தில் நுழையும் நீர் வேறோரிடத்தில் சொட்டும். ஆகவே மண் போடுமுன் நீரைத் தேக்கி இரண்டு நாளேனும் சோதிக்க வேண்டும்.

நிலத்தடி அறையின் கதை வேறு. அங்கே நீர் பக்கங்களிலிருந்தும் அடியிலிருந்தும் அழுத்தும். நிலத்தடி நீர்மட்டத்திற்கு 3 மீட்டர் கீழே அது சதுர மீட்டருக்கு 3 டன். படலத்தைச் சுவரின் வெளிப்புறம் ஒட்டினால் நீரே அதைச் சுவரோடு அழுத்தும். உட்புறம் ஒட்டினால் உரித்துத் தள்ளும்.

இதில் எனக்கு வியப்பளித்தது பெண்டோனைட் என்னும் களிமண். இரு விரிப்புகளுக்கிடையே அதை வைத்து நிலத்தடிச் சுவரில் பொருத்துகிறார்கள். நீர் பட்டதும் அது உப்பி, வெடிப்பை அடைத்துக்கொள்கிறது. அதன் முக்கியக் கனிமம் மாண்ட்மோரில்லனைட். எங்கள் கரிசலை உப்பவும் பிளக்கவும் செய்து வீட்டுச் சுவர்களில் விரிசல் விழுத்துவதும் அதே கனிமந்தான்! இறுக்கிப் பிடித்து வைத்தால் காவல்; பிடிப்பின்றி விட்டால் தொல்லை.

சென்ற ஐப்பசியில் அந்தப் பள்ளி மாடியில் ஏறிப் பார்த்தேன். மழைநீர்க் குழாயின் வாயை வேப்பஞ்சருகும் ஒரு ரப்பர் பந்தும் அடைத்திருந்தன. எடுத்துப் போட்டோம்; தேங்கிய நீர் மளமளவென இறங்கியது. ஆயினும் மூலையில் தட்டோட்டுச் சாந்து விண்டிருந்தது. மறுநாள் அம்மாவை அழைத்துப்போய்க் காட்டினேன். காலால் தட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு நாள் வேலைதான்” என்றார்.