கூட யாரு வர்றா?

என் மகள் தன் தலைப்பிரசவத்துக்குத் துணை நிற்க வரச் சொன்னது என் மதினியை. பெற்ற தாய் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது! "நீ அழுதுருவம்மா. உன்னையப் பார்த்தா எனக்கும் தெம்பு போயிரும். அத்தைதான் பயப்படாம நிக்கும்" என்றாள். நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தால், அவள் சொன்னதில் தப்பே இல்லை.

1999-ல் அவள் பிறந்தபோது, சூட்டு வலியா பிரசவ வலியா என்று பார்க்க அம்மா சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தார். வலி அடங்கவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கதவைச் சாத்தியதோடு சரி. அம்மா வெளியே பெஞ்சில், நான் உள்ளே ஒன்பது மணி நேரம். வலியைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நாக்கு வறண்டு, ஒரு மடக்குத் தண்ணீர் கேட்க ஆள் இல்லாமல் மின்விசிறியைப் பார்த்துக் கிடந்தேனே, அதுதான் இன்றைக்கும் கனவில் வருகிறது.

2004-ல் தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் ஒரு துணையை அனுமதிக்கும் திட்டம் வந்தது. 2016-ல் மத்திய அரசும் வழிகாட்டுதல் கொடுத்தது: பெண் உறவினராக இருக்க வேண்டும், பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது, தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடையில் வர வேண்டும். மறைப்பு வசதி உள்ள இடத்தில் கணவரையும் விடலாம்.

இந்த ஏற்பாட்டில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா மகளுக்கு நான் துணை போனேன். போய்ச் செய்த கூத்தைச் சொல்லியாக வேண்டும். அவள் முனகியதும் "முக்குடி, முக்குடி" என்று கத்தினேன். கர்ப்பப்பை வாய் முழுசாகத் திறக்கும் முன்னால் முக்கினால் தெம்புதான் வீணாகும் என்று சிஸ்டர் அதட்டினார். அது போதாதென்று, வெளியே நின்ற சொந்தக்காரர்களுக்குப் போனில் நேரடி ஒலிபரப்பு வேறு. "என்கிட்ட பேசத்தான சித்தி உங்களக் கூப்பிட்டேன், நீங்க ஊரோட பேசிட்டிருக்கீங்க" என்றாள் அந்த வலியிலும்.

போனை அணைத்துவிட்டுத்தான் உருப்படியாக ஏதோ செய்தேன். வலி வரும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடுப்பை அழுத்தித் தேய்த்தேன். அவளோடு சேர்ந்து மெல்ல மூச்சு விட்டேன். சிஸ்டரைக் கேட்டுக்கொண்டு நடக்க வைத்தேன், இடையிடையே தண்ணீர் கொடுத்தேன். மூத்திரம் அடக்க விடவில்லை. வயிற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது, அமுக்குவது ஆபத்து. பிள்ளை பிறந்ததும் சேனை வைக்க ஓடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்தான் முதலில் போக வேண்டும். தாய்க்கு வைத்த துணி சீக்கிரம் சீக்கிரம் நனைந்தால் 'பிரசவம்னா அப்படித்தான்' என்று உட்கார்ந்திருக்காமல் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

மகளோடு செவ்வாய்க்கிழமை செக்கப்புக்குப் போனபோது, வரிசையில் இருந்த பெண்களிடம் "கூட யாரு வர்றா?" என்று வாயைக் கிளறினேன். பாதிப் பேர் அம்மா என்றார்கள். ஒருத்தி மாமியார் வேண்டவே வேண்டாம் என்றாள்: "நான் கத்துனத அடுத்த வளைகாப்பு வரைக்கும் சொல்லிக் காட்டும்." மில்லில் வேலை பார்க்கும் ஒருத்திக்கு யாருமே வேண்டாம், அந்தக் கோலத்தில் சொந்தக்காரர் பார்ப்பது அவளுக்குக் கூச்சம், சிஸ்டரே போதும் என்றாள். அதுவும் நியாயம்தானே? சத்திரப்பட்டியிலிருந்து வந்திருந்த ஒருத்தி சொன்னதுதான் மனதில் தைத்தது: "நான் நெய்யுற பேண்டேஜ் துணி லேபர் வார்டுக்குள்ள போகுது, என் வீட்டுக்காரர் வராண்டாவத் தாண்ட முடியல." அடுத்த கட்டிலில் இன்னொரு பெண் திரையில்லாமல் படுத்திருக்கும்போது ஆம்பளையை எப்படி விடுவது என்பதும் சரிதான். திரை போடாதது யார் குறை என்று நான் கேட்டேன். பதில் இல்லை.

"துணைக்கு நின்னு என்ன செஞ்சிரப் போறீங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். கூடவே ஆள் இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதல், சிசேரியன் குறைவு, வலி நேரமும் கொஞ்சம் குறைவு. 2018-ல் உலக சுகாதார நிறுவனமும், அந்தப் பெண் தானே தேர்ந்தெடுக்கும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தானே தேர்ந்தெடுக்கும் என்பதை நம் வீடுகளில் யாரும் காதில் வாங்குவதில்லை. முறை பார்த்துத்தான் ஆள் அனுப்புகிறோம்.

மதினிக்கு நான் பட்ட பாட்டையெல்லாம் சொல்லி, துவைத்த பருத்திச் சேலையும் எடுத்து வைத்துவிட்டேன். நான் பெஞ்சில்தான்.

எட்டாம் மாதம் பிறக்கும் முன்பே உங்கள் வீட்டுப் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள், யார் வேண்டும் என்று. அடுத்த செவ்வாய்க்கிழமை சிஸ்டரிடமும் கேட்டுவையுங்கள்: யார் வரலாம், ஆள் மாற்றலாமா, கணவருக்கு அனுமதி உண்டா. வலி வந்த பிறகு இதையெல்லாம் பேச நேரம் இருக்காது.